உறவினர்: இல்லை

மகனே,

நீ பேசி முடித்துப் போனை வைத்த பிறகு, சோறு அடிப்பிடித்த வாசம் வந்துதான் எனக்குச் சுயநினைவு வந்தது. கருகினதைச் சுரண்டித் தின்றுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "அன்னிக்கு வாங்க, எல்லாத்தையும் நல்லாப் பாருங்க, ஆனா ஒரு வார்த்த பேசிராதீங்கம்மா" என்று சொன்னாய். பேசக் கூடாது என்றுதான் சொன்னாய், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. உனக்கு மட்டும் அனுப்பினால் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாய், கதை அதோடு முடிந்துவிடும். அதனால் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். பயப்படாதே, உன் பேரையும் நீ வேலை செய்கிற டவுனின் பேரையும் போடவில்லை. நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டம், பதுளை ரோட்டில் ஒரு சின்ன டவுன், அந்த டவுனை நிர்வாகம் பண்ணுகிற ஒரு சபை, அந்தச் சபையில் நிவாரணம் பார்க்கிற ஒரு அதிகாரி. படிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த யாரையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டுமல்லவா, அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். உங்கள் சபைக்கு ஆண்டு விழா வருகிறது. அதற்கு ஒரு கண்காட்சி வைக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நீயும் பழைய அலுமாரிகளைக் குடைந்து, அந்தக் காலத்தில் ஏழைகளுக்குச் சபை மாதாமாதம் உதவிப்பணம் கொடுத்த பதிவேடுகளை வெளியே எடுத்துத் தூசி தட்டியிருக்கிறாய். அந்தப் பணத்துக்கு ஆபீசில் என்ன பேர் வைத்திருந்தார்களோ, சனங்கள் பிச்சைச் சம்பளம் என்றுதான் சொல்வார்கள். அதில் ஒரு பக்கத்தை விரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எனக்குப் படம் அனுப்பினாய். கீழே தமிழில் எழுதி ஒட்டியும் இருந்தாய். பேர், வயது, கடைத்தெரு விலாசம், வலது கை இல்லாதவர். அடுத்த கட்டத்தில் உறவினர்: இல்லை. அதற்கும் மேலே கொட்டை எழுத்தில் "யாருமற்றோரை அரவணைத்த எமது சபை" என்று ஒரு தலைப்பு. அந்தத் தலைப்பை எழுதியது நீதான் என்று பெருமையாக வேறு சொன்னாய்.

அந்தப் பேர் என் அப்பாவின் பேர். உனக்குத் தெரியும். நீ ஸ்கூல் போகிற காலத்திலேயே இந்தக் கதையைச் சொல்லித்தான் வளர்த்தேன். அதனால்தான் போனில் கேட்டேன், "ஏண்டா, உறவினர் இல்லைங்கற எடத்துல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, இவருக்குப் பொண்டாட்டி இருந்தா, ரெண்டு புள்ள இருந்துச்சு, ஒரு மக இன்னும் உசுரோட இருக்கான்னு எழுதக் கூடாதா?" என்று. அதற்கு நீ சொன்னாய், "அம்மா, அது பொய் சொல்லி வாங்குனதுதானே. நம்ம தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவுச் செல்வியோட நிவாரணத்த இதே காரணத்துக்குத்தான் போன மாசம் நான் வெட்டுனேன். இப்ப எங்க தாத்தாவே அப்பிடின்னு தெரிஞ்சா ஆபீஸ்ல மூஞ்சிய எங்க வைக்கிறது? நீங்க மகள்னு சொல்லிக்காம சும்மா வந்து பாத்துட்டுப் போங்க." நல்லா இருக்குடா நியாயம்! பெத்த அப்பனை மகள் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும், கண்ணாடிக்கு வெளியே நின்று, யாரோ எவரோ மாதிரி.

நீ பொய் என்று சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பொய்யை அவர் எப்படிச் சொன்னார் என்று சரியாகக் கேட்டுக்கொள். அப்பா தோட்டத்து பெக்டரியில் ரோலர் மெசினில் வேலை செய்தவர். மெசின் அவர் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கொஞ்ச நாள் காவல் வேலை கொடுத்தார்கள். அப்புறம் அதற்கும் ஆள் வேண்டாம் என்று பேரை வெட்டிவிட்டார்கள். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் லயத்து வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா மட்டும் மிஞ்சியது. அம்மாவின் சம்பளத்தில் நாலு வயிறு. அப்பா கட்டுப்போட்ட கையோடு டவுனுக்கு நடந்துபோய்ச் சபையில் கேட்டார். "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். "தோட்டம்ங்க" என்றார். "தோட்டத்து ஆளுங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல, தோட்டம் பாத்துக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். "பேரு வெட்டியாச்சே, நீ எங்க ஆளு இல்லையே" என்று சொன்னார்கள். இவர் போய் அவரைக் கேளு, அவர் போய் இவரைக் கேளு என்று நடந்து நடந்தே அவர் செருப்புத் தேய்ந்தது.

கடைசியில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்தான் வழி சொன்னார். நல்ல மனுசன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "நீ தோட்டத்துல இருந்தாத்தானே இல்லேங்கறான். டவுனுக்குப் போ. தெரிஞ்ச கடைப்பக்கம் ஒரு எடத்தப் பிடி. எனக்கு யாருமே இல்லேன்னு எழுதிக் குடு. இருக்குன்னு சொன்னியோ, அவங்க பாத்துக்கட்டும்னு தொரத்திருவான்." அப்பா அப்படியே செய்தார். ஒரு மளிகைக் கடைக்காரர் தன் கடையின் பின்பக்கம் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார். நீ கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாயே கடைத்தெரு விலாசம், அது அந்தச் சாக்கு மூட்டைதான்.

எழுதிக் கொடுத்த அன்றைக்கு அவர் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். "என்னான்னு?" என்று அம்மா கேட்டாள். "யாரும் இல்லேன்னு." அம்மா கையை நிறுத்தாமலே கேட்டாள், "யாரும்னா யாரு?" அவர் தலையைக் குனிந்துகொண்டே, "நீயும் புள்ளைங்களும்தான்" என்றார். அம்மா அழுவாள், இல்லாவிட்டால் ரெண்டு வார்த்தை திட்டுவாள் என்று நான் நினைத்தேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சரி, ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. இனிமே இங்க வந்து சாப்பிட முடியுமோ என்னமோ" என்றாள். நானும் தம்பியும் எங்கள் பங்கு ரொட்டியையும் அவர் தட்டில் வைத்தோம். அவர் தின்னவில்லை.

பணம் வந்தது. அதை மறைக்கமாட்டேன். சபை கொடுத்தது, நாங்கள் தின்றோம். கடைக்காரர் மூலமாக அரிசியாகவும் மண்ணெண்ணெயாகவும் எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் விசாரிக்கிற ஐயா எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் வந்து பார்க்கும்போது அப்பா அந்தச் சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கட்டையாக இருக்க வேண்டும். தோட்டத்தில் கண்டோம் என்று எவனாவது கோள் மூட்டினால் அரிசி நின்றுவிடும். அதனால் அவர் வரவில்லை. நாங்கள்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவோம். போவதற்கு முன்னால் அம்மா எங்கள் இரண்டு பேரையும் இஸ்தோப்புத் திண்ணையில் நிறுத்திச் சொல்வாள், "கடப்பக்கம் அவரு இருப்பாரு. அப்பான்னு கூப்பிட்டீங்க, தோல உரிச்சுருவேன். கண்ணால பாத்துக்குங்க, போதும்." அப்பா கடை வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். எங்களைக் கண்டதும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். படியில் ஒரு காகிதச் சுருள் கிடக்கும். உள்ளே தேன்குழலோ கடலையோ இருக்கும். யாரோ தவறவிட்டதைக் கண்டெடுத்த மாதிரி நாங்கள் குனிந்து எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். தம்பி சின்னவன், அவனுக்கு இது ஒரு விளையாட்டு. எனக்கு விளையாட்டாக இல்லை. எவ்வளவு தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாலும் அவர் முதுகுதான் தெரியும்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. நிறைய இருக்கிறது. ஒரே ஒரு தடவை, சந்தையில் அவ்வளவு கூட்டத்தில், எவன் பார்த்துத் தொலைக்கப் போகிறான், ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். அவருக்குப் பயம். கை போன ஆளுக்குப் பயம் கூடத்தான் இருக்கும். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்டால், உன் சபை ஒரு கட்டம் போட்டு வைத்திருந்ததே, அதுதான். யாராவது இருந்தால் பணம் இல்லை, யாரும் இல்லையென்றால் பணம். சோறு வேண்டுமா, பிள்ளை வேண்டுமா என்று ஒரு மனுசனைக் கேட்டுவிட்டு, அவன் பிள்ளைகளின் சோற்றுக்காகவே பிள்ளைகள் இல்லை என்று சொன்னதும், அதை அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீ அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்திருக்கிறாய்.

லயத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? புருசன் ஓடிப்போய்விட்டான் என்றார்கள். டவுனில் வேறு ஒருத்தியோடு இருக்கிறான் என்றார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள், "ஏன்டி, அந்த ஒத்தக் கையனக் கூட ஒன்னால கட்டி வைக்க முடியலயா?" அம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. சொன்னால் உண்மை வெளியே வரும், வந்தால் அரிசி நிற்கும். சண்டைக்குப் போனால் லயமே நடுங்கும் பொம்பளை அவள். அவள் வாயை மூடிக்கொண்டு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிச்சைச் சம்பளத்துக்கு அவள் கொடுத்த விலை அது. உன் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்பா டவுன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். நெஞ்சுச் சளி. எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனபோது வாசற்படி வெறுமையாக இருந்தது. கடைக்காரர் அம்மாவை உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். ஆள் யாரும் இல்லை என்று எழுதியிருந்ததால் சபையே அடக்கம் செய்துவிட்டதாம். சபை மயானத்தில் ஒரு மூலையில், எந்த மூலை என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அம்மா சங்கத் தலைவரிடம் ஓடினாள், குழியையாவது காட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று. அவர் பயந்துவிட்டார். "நீ போயி நான் பொண்டாட்டின்னு நின்னா, இவ்வளவு நாளு ஏமாத்தி வாங்குனீங்களான்னு கேஸ் போட்டுருவான். புள்ளைங்களப் பாரு" என்றார். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் எப்படி இருக்கும் என்று நீயே பார்த்து வளர்ந்தவன். தோட்டம் பெட்டிக்குப் பலகை கொடுக்கும், குழி வெட்ட ஆள் கொடுக்கும், தப்பு அடிக்கிறவர்கள் லயத்துக்கு முன்னால் நிற்பார்கள், சண்டைக்காரனும் வந்து ஒரு பிடி வாய்க்கரிசி போடுவான். என் அப்பாவுக்கு எதுவும் இல்லை. அவர் தோட்டத்து ஆளும் இல்லை, டவுன் ஆளும் இல்லை.

இதற்கு மேலே சொல்வதைத்தான் நான் உன்னிடம் இவ்வளவு காலமும் சொன்னதில்லை. மறைத்து வைக்கவில்லை, சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா தாலியைக் கழற்றவில்லை. எப்படிக் கழற்றுவாள்? கழற்றினால், யாரு செத்தா, எப்ப செத்தாரு, எங்க அடக்கம், ஏன் எங்களுக்குச் சொல்லலன்னு லயம் முழுக்கக் கேட்கும். அதனால் மறுநாள் காலையில் பொட்டு வைத்துக்கொண்டு, மஞ்சள் கயிறு தெரிய, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ தைப்பொங்கல், எத்தனையோ மாரியம்மன் திருவிழா, எல்லாவற்றிலும் மஞ்சளும் குங்குமமும் வாங்கிக்கொண்டாள். என் கல்யாணத்தில் கட்டுக்கழுத்தியாக நின்று எனக்குப் பூ வைத்துவிட்டாள்.

அவள் செத்தபோது லயத்துப் பொம்பளைகள் அவளுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, புதுச் சீலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். "ஓடிப்போனவனா இருந்தாலும் புருசன் உசுரோட இருக்கான் பாரு, சுமங்கலியாப் போறா, குடுத்து வச்சவ" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஐயோ, இவ புருசன் செத்து எவ்வளவோ காலமாச்சு, என் அப்பாவுக்காக இவளை ஒரு தடவையாவது அழ விட்டீங்களாடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் வாயை மூடிக்கொள்ளப் பழகிப்போயிருந்தது. பாவி, புருசனுக்காக ஒரு பொட்டுக் கண்ணீரை வெளியே விடாமலே போய்ச் சேர்ந்தாள்.

இதைத்தான் நீ பொய் என்கிறாய். சரி, பொய்தான். செல்வியையும் அந்தப் பொய்க்காகத்தான் வெட்டினாய். நான் கீழ்க்கணக்குப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அவள் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தவள், எனக்கு அவள் வீடு தெரியும். புருசன் கொழும்பில் ஏதோ ஓட்டலில் இருக்கிறான். ஒரு சதம் அனுப்புவதில்லை. விண்ணப்பத்தில் தனியாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். நீ விசாரிக்கப் போயிருக்கிறாய், கொடியில் காய்ந்த ஆம்பிளைச் சட்டையைப் பார்த்திருக்கிறாய், கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அது அவள் மூத்த பையன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற அப்பன் சட்டையடா! அடுப்பைப் பார்த்தாயா? அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாயா? அந்தக் காலத்து விசாரணை ஐயாவும் அப்பாவுக்கு ஆள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வந்தார், அவர் தின்றாரா என்று பார்க்க வரவில்லை. உன்னைப் படிக்கவைத்து, பாடுபட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தது, அவருடைய பழைய வேலையை நீ எடுத்துச் செய்வதற்கா? நம்ம பையன் உள்ளே போய்விட்டான், இனி நம்ம சனத்துக்கு ஒரு வழி பிறக்கும் என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது செல்வி ரோட்டில் என்னைக் கண்டால் அந்தப் பக்கமாகப் போகிறாள்.

உனக்குப் புத்தி சொல்கிற வயது எனக்கு இருக்கிறது, கேட்கிற வயது உனக்குத் தாண்டிவிட்டது என்று நினைக்கிறாய். ஆனாலும் சொல்வேன். எனக்கு யாருமில்லை என்று ஒருத்தி எழுதிக் கொடுத்தால், யார் இருக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துக்கொண்டு போகாதே. பெற்ற பிள்ளையையும் கட்டின புருசனையும் இல்லை என்று எழுத ஒருத்திக்கு எப்படி மனசு வந்தது என்று முதலில் யோசி. எழுத வைத்தது உன் ஆபீஸ் கட்டமாக இருந்தால், போய் உன் மேலதிகாரியிடம் வாதாடு. அந்தக் கட்டத்தை மாற்ற உன்னால் முடியாது என்பாய். அது எனக்கும் தெரியும். நீ ஒரு சின்ன அதிகாரி. ஆனால் பேனா உன் கையில்தான் இருக்கிறது. "பெயருக்குக் கணவர் உண்டு, ஆதரவு இல்லை" என்று நாலு சொல் எழுத உன் கை ஒடிந்துவிடாது. அதற்குத் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள். என் அம்மா வாங்காத பேச்சா?

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். வராமல் இருப்பேன் என்று நீ நினைத்திருந்தால் மனசைத் தேற்றிக்கொள். எல்ல ஊர்ப் பக்கமிருந்து வருகிற காலை பஸ்சில், சுற்றுலா வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பெரிய பைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டாவது வந்து சேர்வேன். செல்வியையும் கூட்டிக்கொண்டு வருவேன். கூச்சல் போடமாட்டேன், கண்ணாடியை உடைக்கமாட்டேன், உங்கள் சபைத் தலைவரான தவிசாளர் பேசும்போது குறுக்கே பேசமாட்டேன். எல்லாரும் கைதட்டி முடித்து, ஒவ்வொருவராகப் பெட்டிகளைப் பார்க்க வரும்போது, நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பேன். நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "அப்பா" என்று கூப்பிடுவேன். கூட்டத்தில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை, ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறேன். உன் சபை என் பேரில் கேஸ் போட்டால் போடட்டும், தின்ற அரிசிக்குக் கணக்குச் சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன்.

அதற்குப் பிறகு உன்னைத்தான் தேடுவேன். நீ அந்த நேரம் உன் தவிசாளருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய். உன் பேரைச் சொல்லி, "மகனே, இங்க வாடா" என்று கூப்பிடுவேன். வந்து என் பக்கத்தில் நின்றாயானால், ஒரு துண்டுக் காகிதமும் கொஞ்சம் பசையும் கொண்டு வா, அந்தக் கட்டத்தில் ஒட்ட வேண்டிய பேர்களை நான் சொல்கிறேன், நீ எழுது. வராமல் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாயானால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பேசாமல் பஸ் ஏறி வந்துவிடுவேன். ஆனால் நாளைக்கு நான் செத்து, என் பேரையும் எந்த ஆபீசிலாவது பதிய வேண்டி வந்தால், உறவினர் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். அதை உன் கையாலேயே எழுது.

உன் அம்மா